ரோஷன் பீ சொன்ன மிக்ஸி

எங்கள் ஊரில் யார் எந்த மெஷின் வாங்குவதாக இருந்தாலும் முதலில் ரோஷன் பீயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அவர் வீட்டில் ஒரு மெஷினும் கிடையாது. திரி ஏற்றுகிற சக்கரம் உடைந்துபோன மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று, அவ்வளவுதான். இருந்தாலும் டி.வி. நல்லதா, எந்தக் குக்கர் தேவலை, மேசை விசிறியா தொங்குகிற விசிறியா என்று எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு. என் வீட்டுக்காரர் பச்சியப்பனுக்கு இது பொறுக்காது. "சேல விக்கிற பாயம்மாவுக்கு டி.வி.யப் பத்தி என்னா தெரியும்?" என்பார். அவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

ரோஷன் பீ குடியிருந்தது கடத்தூரில். அவர் வீட்டுக்காரர் தாவூதுக்கு இழுப்பு நோய். பத்து அடி நடந்தால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். மகள் வஹிதா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் சோறு போட்டது ரோஷன் பீயின் சேலை மூட்டைதான். பொம்மிடி சாலையில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக மூட்டைகளைச் சுமந்துகொண்டு நடந்தே வருவார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூட்டைக்கும் சீட்டுக் கிழிப்பான் என்று ஏற மாட்டார்.

மற்றத் துணிக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து கடை விரிப்பார்கள். ரோஷன் பீ நேராக அடுப்படிக்கு வந்துவிடுவார். "தண்ணி குடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசல்ல விரிச்சா ஆம்பளைங்க வெல கேப்பாங்க. அடுப்படியில விரிச்சா பொம்பளைங்க கலர் கேப்பாங்க. எனக்கு எது நல்லதுன்னு நீயே சொல்லு" என்றார்.

அவர் வியாபாரம் முழுக்க இந்த ஒரு சூட்சுமத்தில்தான் நின்றது. அடுப்படி வரைக்கும் விடுகிற வீடு இருந்தால் பிழைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எண்பத்து நாலு, எண்பத்தைந்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் மெஷின்கள் ஒவ்வொன்றாக நுழைய ஆரம்பித்தன. வாத்தியார் வேலை, ரயில்வே வேலை என்று மாதச் சம்பளம் வருகிற வீடுகளில் முதலில் வந்தன. அப்புறம் மஞ்சள் நல்ல விலைக்குப் போன வருஷம் எங்களைப் போன்ற காட்டுக்காரர் வீடுகளுக்கும் வந்தன. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். ஓட்ட வேண்டியவர்கள் பெண்கள். கடைக்காரன் சொல்வதைக் கேட்டு வாங்கிவந்து இறக்கிவிட்டு மீசையை முறுக்கிக்கொள்வார்கள். அது மூன்றாம் மாதம் பரண் ஏறியதா என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ரோஷன் பீ பார்த்தார். எல்லா அடுப்படிக்கும் போகிறவர் அவர் ஒருத்திதானே.

"புதுசுல எல்லாமே நல்லாத்தான் கண்ணு இருக்கும். ஆறு மாசம் கழிச்சி அது எந்த மூலையில கெடக்குதுன்னு பாக்கணும்" என்பார்.

விசிறியைப் பார்த்தால் இறக்கையின் ஓரத்தைப் பார்ப்பார். ஓரத்தில் கறுப்பாக அழுக்குப் பிடித்திருந்தால் அது ஓடுகிற விசிறி. மேல் பக்கம் முழுக்கத் தூசி படுத்திருந்தால் அது சும்மா தொங்குகிற விசிறி. டேப் ரெக்கார்டர் என்றால் எந்தப் பொத்தானில் எழுத்து அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். குக்கரைத் திறந்து உள்ளே புளி அடைத்து வைத்திருந்தால் அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டுக்கொண்டு போய் அடுத்த ஊரில் வேண்டாம் என்பார். டி.வி.யைப் பற்றி அவர் சொன்னது எங்கள் வீட்டில் பெரிய ரகளையாயிற்று. "இப்பத்திக்கு வேணாங்க. இன்னும் இந்தப் பக்கம் படம் நல்லா வரல" என்று நேரிலேயே சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. இருபது அடிக் குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பெங்களூர் பக்கம் திருப்பிவைத்தார். மழை பெய்கிற மாதிரி ஒரு படமும் கன்னடத்தில் செய்தியும் வந்தது. ஆறு மாதத்தில் இவருக்குக் கன்னடம் நன்றாக வந்துவிட்டது. அந்த டி.வி.யால் வேறு லாபம் எதையும் நான் காணவில்லை.

மிக்ஸிக்கு மட்டும் அவரிடம் தனி வழி ஒன்று இருந்தது. அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் ஒளித்துவைத்துக் கதை சொல்கிற பொறுமை எனக்கு இல்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடத்தூர் கடைவீதியில் மாரப்பன் என்று ஒருவர் மின்சாமான் கடை வைத்திருந்தார். அவருக்குக் கைராசி என்று ஒரு பெருமை. எந்தச் சாமான் விற்றாலும் சூடம் கொளுத்தி, தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் கொடுப்பார். கடைப் பையனையும் தொட விட மாட்டார். சந்தனத்தில் என்னத்தைக் குழைப்பாரோ, பெயின்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி போட்டுத் துடைத்தாலும் லேசில் போகாது. மிக்ஸிக்கு அவர் பொட்டு வைக்கிற இடம் ஸ்விட்ச். திருப்பும்போது சரியாகக் கட்டைவிரல் படுகிற இடம். அங்கே விரல் பட்டுப் பட்டுத்தான் பொட்டு அழியும். தினம் ஓடுகிற மிக்ஸியில் பத்துப் பதினைந்து நாளில் பொட்டு காணாமல் போய்விடும். ஓடாத மிக்ஸியில் வருஷக்கணக்கில் நெற்றிப் பொட்டு மாதிரி இருக்கும். ரோஷன் பீ அடுப்படியில் உட்கார்ந்து சேலையை உதறும்போது ஒரு கண்ணால் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொள்வார். யாரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஓடாத மிக்ஸியையும் ஓடுகிறது என்று பெருமைக்குச் சொல்லுகிற ஊர் எங்கள் ஊர்.

எண்பத்தாறில் ஆயுத பூஜைக்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் மிக்ஸி வாங்குவதென்று முடிவு செய்தோம். முன்னால் நின்றவர் குள்ளம்மாள். பெயர்தான் குள்ளம்மாள், ஆள் வாசல் நிலை இடிக்கிற உயரம், குரல் அதைவிட உயரம். மாரப்பன் கடையில் 'பொன்னரசி' என்று புதிதாக ஒரு மிக்ஸி வந்திருந்தது. மஞ்சள் கலரில் கண்ணைப் பறித்தது. வாங்கலாமா என்று ரோஷன் பீயைக் கேட்டோம்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பொன்னரசி அது வரைக்கும் ஒரே வீட்டில்தான் இருந்தது. கடத்தூர்ப் பள்ளிக்கூடத்து சகாயமேரி டீச்சர் வீட்டில். அது அங்கே வந்து எட்டு மாதம் இருக்கும்.

"டீச்சரம்மா வூட்ல அதான் ஓடுது. தைரியமா வாங்குங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினோம். ஆயுத பூஜை அன்றைக்கு மாரப்பன் ஏழு மிக்ஸிக்கும் ஏழு பொட்டு வைத்து, ஏழு தடவை கைராசியைப் பற்றிச் சொல்லி அனுப்பினார்.

வாங்கிவந்து நாங்கள் அதைத் தினமும் ஓட்டினோம் என்று நினைத்துவிடாதீர்கள். தினச் சட்னிக்கு அம்மிதான். மிக்ஸி ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளிக்கும். மற்ற நேரத்தில் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருப்போம். ஆளுக்கு நாலைந்து தடவை போட்டிருந்தால் அதிகம். முதலில் போனது குள்ளம்மாள் வீட்டு மிக்ஸி. வறுத்த கொள்ளைப் போட்டு ஸ்விட்சைத் திருப்பியிருக்கிறார், உர்ரென்று ஒரு உறுமல், கருகிய வாசனை, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து என்னுடையது. காய்ந்த மிளகாயும் மல்லியும் போட்டேன். அடியிலிருந்து புகை வந்தது. பச்சியப்பன் ஓடிவந்து பார்த்துவிட்டு, பயந்த மாதிரி தெரியவில்லை, சந்தோஷப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.

"சொன்னனா இல்லியா? உங்க பாயம்மா சொன்ன மிக்ஸி!"

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏழும் படுத்துவிட்டன. குள்ளம்மாள் மாரப்பனிடம் போய்க் கேட்டதற்கு, "ஊருக்கே அரைச்சிக் குடுத்திருப்பீங்க. அளவா ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு எங்கிட்ட வந்தா நான் என்ன பண்றது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ரோஷன் பீ தீபாவளி மூட்டையோடு வந்தார். வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அவருக்கு அந்த வாரம்தான். குள்ளம்மாள் வாசற்படியில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மாரப்பங்கிட்ட எவ்வளவு வாங்குன பாயம்மா?"

"என்னா கண்ணு சொல்ற?"

"ஏழு மிக்ஸி வித்துக் குடுத்தியே, உனக்கு எவ்வளவு குடுத்தான்னு கேட்டேன்."

ரோஷன் பீ மூட்டையை இறக்காமலேயே திரும்பினார். அடுத்த வீட்டுக்கு வந்தார். அங்கேயும் கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்தது என் வீடு. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துப்பட்டியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஜானகி கண்ணு" என்று கூப்பிட்டார். நான் உள்ளேயிருந்து, "வேல இருக்குதுங்க, அப்பறம் வாங்க" என்றேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் என்மேல் எத்தனை பிரியமாக இருப்பார் என்பதும் தெரியும். தெரிந்தே செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பேச்சு காலில்லாமல் நடக்கிற ஊர். பாயம்மா கமிஷன் வாங்கிக்கொண்டு கெட்ட மிக்ஸியைத் தலையில் கட்டினார் என்று நாலு நாளில் சாலை நெடுகப் பரவிவிட்டது. தீபாவளி முடிந்தது. அந்த வருஷம் அவர் மூட்டை இளைக்கவே இல்லை.

இதற்குப் பின்னால் நடந்ததைச் சகாயமேரி டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீபாவளி கழிந்த மறுவாரம் ரோஷன் பீ டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறார். துணி விற்கப் போகவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அந்த மஞ்சள் மிக்ஸிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்.

"டீச்சரம்மா, இது ஓடுதுங்களா?"

"எதும்மா, மிக்ஸியா? அதை யாரு ஓட்டறா? அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தலவலி வந்துடும். என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்தான், தொடச்சித் தொடச்சி வெக்கிறேன்."

"பொட்டு இல்லீங்களே!"

"என்ன பொட்டு?"

"மாரப்பன் வெக்கிற பொட்டுங்க."

டீச்சர் சிரித்திருக்கிறார். "வெக்கத்தான் வந்தாரு. நாங்க வேதக்காரங்க, வேணாங்கன்னு சொல்லிட்டேன். ஏன் கேக்கறீங்க?"

ரோஷன் பீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். மயக்கம் என்று நினைத்து டீச்சர் தண்ணீர் கொண்டு ஓடிவந்திருக்கிறார். அது மயக்கம் இல்லை. எட்டு மாதமாக ஒரு சிலுவைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சேலை விரித்திருக்கிறோமே, பொட்டில்லாத மிக்ஸியைப் பார்த்து ஓடி ஓடிப் பொட்டு அழிந்துவிட்டது என்று நினைத்தோமே, நம்முடைய புத்தி எங்கே போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாராம். எல்லார் வீட்டு அடுப்படியையும் அறிந்தவர், அந்த வீட்டில் யாருக்கு என்ன சாமி என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ரோஷன் பீ எங்கள் தெருவுக்கு வந்தார். மூட்டை இல்லாமல் அவர் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடிபம்பு பக்கத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் பிடிக்க நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"தப்பு என்னுதுதான். காசு வாங்கல. அல்லா மேல ஆணையா ஒத்த பைசா வாங்கல. ஆனா தப்பா சொன்னது நான்தான்."

பொட்டு விஷயம் முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். யார் வீட்டு மிக்ஸி ஓடுகிறது, யாருடையது சும்மா இருக்கிறது என்று இத்தனை நாள் அவர் கண்டுபிடித்த விதத்தைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் பக்கென்றது. என் பழைய குக்கரில் நான் என்ன வைத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். டீச்சர் வீட்டுக் கதைக்கு வந்தபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். குள்ளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்த் தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதப் பாரு பாயம்மா. நீ சொல்றது நெசமான்னு பாக்கறேன்."

ஸ்விட்சில் மாரப்பன் வைத்த பொட்டு இருந்தது. ஓரம் மட்டும் லேசாக உதிர்ந்திருந்தது. நாங்களும் ஓடிப்போய் அவரவர் மிக்ஸியைக் கொண்டுவந்தோம். ஏழிலும் பொட்டு இருந்தது.

ரோஷன் பீ ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு குள்ளம்மாளிடம் கேட்டார்.

"மாரப்பன் உங்கிட்ட என்னான்னு சொன்னாரு?"

"ஊருக்கே அரைச்சிக் குடுத்தோமாம். ஓட்டி ஓட்டிக் கெடுத்துட்டோமாம்."

ரோஷன் பீ நிமிர்ந்தார். முகமே மாறிவிட்டது. "யாரும் இதத் தொடைக்காதீங்க. வெரல்கூட வெக்காதீங்க. நாளைக்கு சந்தைதானே? எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் ஏழு பெண்கள் ஏழு மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தோம். கைக்குழந்தைக்கு வேர்க்கிறதா என்று பார்ப்பது மாதிரி பொட்டைப் பார்த்துக்கொண்டே போனோம். கண்டக்டர், "இதுங்களுக்கு அர டிக்கெட்டுங்களா?" என்று கேட்டார். குள்ளம்மாள் பார்த்த பார்வையில் அப்பால் போய்விட்டார். பச்சியப்பனும் வந்தார். வேடிக்கை பார்க்க என்று சொல்லவில்லை, உரம் வாங்க என்று சொன்னார்.

சந்தை நாளில் மாரப்பன் கடைக்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். தேங்காய்ச் சில்லைப் போட்டு மிக்ஸியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். அதற்கென்றே ஒரு பொன்னரசி கண்ணாடி மேசைமேல் இருந்தது. நாங்கள் போய் எங்கள் ஏழையும் அந்த மேசையில் வரிசையாக வைத்தோம். ரோஷன் பீ எங்களுக்கு முன்னால் நின்றார். இது தோற்றுப்போனால் அவருக்கு எங்கள் தெரு மட்டும் இல்லை, அந்தச் சாலையே போயிற்று.

"என்னாங்க பாயம்மா, படையோட வந்திருக்கீங்க?" என்றார் மாரப்பன்.

"ஏழும் கெட்டுப்போச்சுங்க மொதலாளி. மாத்திக் குடுங்க."

மாரப்பன் கூட்டத்தைப் பார்த்துக் குரலை ஏற்றினார். "மெஷின்னா அதுக்கு ஒரு அளவு வேணாங்களா? ராத்திரி பகலா ஓட்டினா எந்தக் கம்பெனி மிக்ஸி தாங்கும்? நீங்களே சொல்லுங்க!"

கூட்டத்தில் நாலைந்து ஆண்கள் தலையாட்டினார்கள். இது ஒன்றும் புதிதில்லை.

"ராத்திரி பகலாவுங்களா?" ரோஷன் பீ ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓட்டியிருப்பாங்க?"

"பத்து தடவ ஓட்டியிருப்பாங்க."

"பத்து போதுங்களா இப்படிக் கெட?"

"இருவது தடவன்னே வெச்சிக்கங்க! அக்கம் பக்கத்து வூட்டுக்கெல்லாம் இதுலதான் அரைச்சிருக்காங்க. எனக்குத் தெரியாதா?"

"நல்லதுங்க. இந்தப் பொட்டு யாரு வெச்சதுங்க?"

மாரப்பனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். "நான் வெச்சது. என் கையத் தவிர வேற கை படாது. கடத்தூருக்கே தெரியும்."

"அந்தா, மேசைமேல ஓட்டிக் காட்டறீங்களே, அதுக்கும் ஆயுத பூஜைக்கு வெச்சீங்கதானே?"

"எல்லாத்துக்குந்தான் வெச்சேன்."

"அந்தப் பொட்டு எங்கீங்க மொதலாளி?"

மாரப்பன் திரும்பிப் பார்த்தார். தினம் ஓடுகிற அந்த மிக்ஸியின் ஸ்விட்சில் பொட்டு இருந்ததற்கு அடையாளமே இல்லை. பளபளவென்று இருந்தது. ரோஷன் பீ எங்கள் மிக்ஸிகளின் பக்கம் கையை நீட்டினார். ஏழு ஸ்விட்சிலும் மாரப்பன் கைராசி செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது.

"ஒரே நாள்ல வெச்ச பொட்டு. நீங்க ஓட்டினதுல போயிடுச்சு. நாளைக்கு இருவது தடவ இவங்க ஓட்டினதுல மட்டும் எப்படிங்க இருக்குது?"

முன்வரிசையில் நின்ற ஒரு புளி வியாபாரி பகபகவென்று சிரித்தார். அது கூட்டம் முழுக்கப் பற்றிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார்கள், முன்னால் நின்றவர்கள் பொட்டு பொட்டு என்று சொல்லிச் சிரித்தார்கள். தலையாட்டிய ஆண்கள் இப்போது மாரப்பனுக்கு எதிராகத் தலையாட்டினார்கள். "அந்தம்மா கேக்கறது ஞாயந்தானே? பதில் சொல்லுங்க மொதலாளி!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பச்சியப்பன். உர மூட்டை எதுவும் கையில் இல்லை.

மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க, கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதறேன்."

"எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் நாங்க இங்கியே குந்தியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் குள்ளம்மாள் கடைப்படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் படி முழுக்க அடைத்துவிடும். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். சந்தை நாளில், கடை வாசலில், ஏழு பெண்கள். ஒரு ஆள் உள்ளே போக முடியவில்லை. ரோஷன் பீ மட்டும் உட்காரவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்றார்.

பத்து மணிக்கு உட்கார்ந்தோம். பதினொன்றரைக்கு மாரப்பன் இறங்கிவந்தார். வேற கம்பெனி மிக்ஸி தருகிறேன், மேல் பணம் எதுவும் வேண்டாம் என்றார். அப்படியும் அவர் வியாபாரிதான், ஒன்றைச் சொல்ல வேண்டும். தோற்ற பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

"எதக் குடுக்கட்டும் பாயம்மா? நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. அப்பறம் நாளைக்கு வந்து எம் பொட்டக் காட்டாதீங்க."

ரோஷன் பீ அலமாரியை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். எங்கள் கண்கள் எல்லாம் ஊதா கலரில் இருந்த ஒன்றின் மேலேயே இருந்தன. அவர் கீழ்த்தட்டில் வெள்ளையாக, கட்டைகுட்டையாக இருந்த ஒன்றைக் காட்டினார்.

"இதுல ஒண்ணு பஸ் ஸ்டாண்டு பலகாரக் கடையில நாலு வருசமா ஓடுது. ஸ்விட்ச் எதுன்னு தெரியாத அளவுக்கு அழுக்கு. போய்ப் பாத்துட்டு வந்து வாங்குங்க. இனிமே நான் சொன்னேன்னு யாரும் வாங்க வேணாம்."

அவர் சொன்னதற்காக இரண்டு பேர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அழுக்கு இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

ஏழு வெள்ளை மிக்ஸியும் மேசைக்கு வந்தன. மாரப்பன் பழக்கத்தில் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வைங்க மொதலாளி, வைங்க. நல்லாப் பெருசாவே வைங்க!" என்றார் குள்ளம்மாள். அதற்குச் சந்தையே சிரித்தது. மாரப்பனும் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் ரோஷன் பீ மூட்டையோடு வந்தார். தீபாவளிக்கு விற்காத சேலைகள் அத்தனையும் அதில் இருந்தன. தெருமுனையில் வரும்போதே பார்த்துவிட்டேன். ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி வரவில்லை. என் வாசற்படிக்குக் கீழேயே நின்று, அங்கேயே மூட்டையை இறக்கி முடிச்சில் கையை வைத்தார். எங்கள் வீட்டில் அவர் வாசலில் கடை விரித்ததே கிடையாது.

"இங்க விரிக்காதீங்க" என்றேன்.

"வேல எதுனா இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் சுட்டது.

"ஒரு வேலையும் இல்ல. அன்னைக்கும் இல்ல. பொய் சொன்னேன்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்த வாயெடுப்பதற்குள் மூட்டையை நானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மாடி, என்ன கனம்! அதைச் சுமந்துகொண்டா இத்தனை வருஷம் பொம்மிடிச் சாலையில் நடந்தார் என்று அன்றைக்குத்தான் என் கழுத்துக்குத் தெரிந்தது. அடுப்படியில் கொண்டுபோய் இறக்கினேன். பின்னாலேயே வந்து உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் மூட்டையைத் தூக்கிப் போனதைக் குள்ளம்மாள் பார்த்துவிட்டார். பத்து நிமிஷத்தில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் என் அடுப்படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். தீபாவளி போய் மூன்று வாரம் ஆகிறது, யாருக்கும் புதுச்சேலை தேவையே இல்லை. ஆனாலும் அந்தக் கலரைக் காட்டுங்க, இந்தக் கரையைக் காட்டுங்க என்று ஒரே இரைச்சல். குள்ளம்மாள் தனக்கு ஒன்றும் மருமகளுக்கு ஒன்றும் எடுத்தார். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அன்னைக்கு எவ்வளவு வாங்குனன்னு கேட்டுட்டேன் பாயம்மா. மனசுல வெச்சிக்காத" என்றார். ரோஷன் பீ அந்தப் பெரிய கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் அவர் கிளம்பும்போது மூட்டை கட்டிய வேட்டி மட்டும்தான் மிச்சம். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஐந்தரை பஸ் வந்தது. கண்டக்டர் மூட்டையைத் தேடினான், ஒன்றும் இல்லை. ரோஷன் பீ ஒரே ஒரு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.